பாட்டு எங்கேருந்து வருதுன்னு காட்டணும்: ஒரு 3.1 சவுண்ட்பார் ரிவ்யூ

சவுண்ட்பார் ரிவ்யூன்னு தேடிப் பாருங்க, எல்லாரும் கார் வெடிக்கறதையும் ஹெலிகாப்டர் தலைக்கு மேல பறக்கறதையும்தான் போட்டுக் காட்டறாங்க. நம்ம வீட்டுல தெனமும் ஹெலிகாப்டர் யாருங்க பாக்கறா? ராத்திரி சாப்பிட்டு உக்காந்தா ஒரு தமிழ்ப் படம், இல்லன்னா மலையாளம், அம்மா கையில ரிமோட் இருந்தா வசந்தம் சேனல். அதுவும் இப்ப வர்ற படத்துல எங்கயாவது ஒரு எடத்துல எண்பது தொண்ணூறுகள் பாட்டு ஒண்ணு வந்து உக்காந்துக்குது, தியேட்டர்ல விசில் பறக்குது, மறுநாள்லேருந்து ரீல்ஸ் பூரா அதே பாட்டுதான். அதனால இந்த சவுண்ட்பாரை அந்த மாதிரி சீனுங்களை வச்சே டெஸ்ட் பண்ணேன், வெடிகுண்டு எல்லாம் ஒண்ணும் போடல.

பிராண்ட் பேரும் கடை பேரும் எழுத மாட்டேன், கேக்காதீங்க. நானூறு வெள்ளிக்கு ஒரு வெள்ளி கம்மி, ஜிஎஸ்டி சேத்து. இந்த விலையில நம்ம சிங்கப்பூர்க் கடைகள்ல அடுக்கி வச்சிருக்கற 3.1 பார் எல்லாத்துலயும் அமைப்பு கிட்டத்தட்ட இதேதான். இடது, வலது, நடுவுல ஒண்ணு, பேஸ் சத்தத்துக்குத் தனியா ஒரு வயர்லெஸ் சப்ஊஃபர். இதுல நடு ஸ்பீக்கர்தான் முக்கியம். படத்துல பேச்சு பெரும்பாலும் அது வழியாத்தான் வரும். நடு ஸ்பீக்கர் இல்லாத 2.1 வாங்கினா அந்த வேலைய இடதும் வலதும் பங்கு போட்டுக்கும், சோபாவுல நடுவுல உக்காந்தவருக்கு மட்டும் பேச்சு நடுவுலேருந்து வரும், ஓரத்துல உக்காந்தவருக்கு ஒரு பக்கமா இழுத்துக்கும். எங்க வீட்டுல ஓரம் அம்மாவோட எடம், அதனால 3.1.

முதல்ல கடைக் கதைய முடிச்சிடறேன். டெமோ கேட்டா அந்தத் தம்பி நேரா ஏதோ கிளப் மியூசிக்கப் போட்டு சவுண்டை முழுசா ஏத்திட்டான், பக்கத்துல டிவி பாத்துட்டு இருந்த மனுஷன் திரும்பி மொறச்சாரு. ஒரு படம் போடுப்பா, பேச்சு எப்படிக் கேக்குதுன்னு பாக்கணும்னா, இதுதான் சார் எல்லாரும் கேப்பாங்கன்றான். செவத்துல மாட்டற பிராக்கெட் பெட்டியிலயே இருக்குன்னு சொன்னான், வீட்டுக்கு வந்து திறந்தா இல்ல, போன் பண்ணா அது வேற மாடலுக்காம். சரி போகட்டும், டிவிக்குக் கீழ மேசையிலயே வச்சாச்சு, மாட்டறதவிட அதுதான் நல்லாவும் இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வரேன். படத்துல ஒரு பழைய பாட்டு ரெண்டு விதமா வரும். ஒண்ணு, அந்தக் கதைக்குள்ளயே அது கேக்குது. டீக்கடை ரேடியோ, கல்யாண வீட்டு மைக் செட்டு, காருக்குள்ள ஸ்டீரியோ, இல்ல யாராவது ஒருத்தர் வாய்விட்டுப் பாடறது. இன்னொண்ணு, கதையில இருக்கறவங்க யாருக்கும் கேக்காது, நமக்கு மட்டும் மேல போட்டுவிடறது. மிக்ஸிங் பண்றவங்க முதல் வகையில பாட்டோட ஆழமான பேஸையும் கூர்மையான ட்ரெபிளையும் வெட்டி, கொஞ்சம் ரூம் எக்கோ சேத்து, அது அந்த ரேடியோப் பெட்டியிலேருந்துதான் வருதுன்னு நம்ப வைப்பாங்க. ஹாலிவுட்ல 1973ல வந்த அமெரிக்கன் கிராஃபிட்டி படத்துக்கு சவுண்ட் வேலை பாத்த வால்டர் மர்ச் ஒண்ணு பண்ணாரு, பாட்டை நெசமாவே வெளியில ஸ்பீக்கர்ல ஓடவிட்டு, அந்த எடத்துல அது எப்படிக் கேக்குதோ அதைத் திரும்ப ரெக்கார்ட் பண்ணி படத்துல சேத்தாரு. அந்தப் படம் பூரா ஒரே ராத்திரி, ஊர்ல எல்லாக் கார்லயும் ஒரே ரேடியோ. நம்ம ஆளுங்க இப்ப இதை கம்ப்யூட்டர்லயே பண்ணிடறாங்க.

இதுல ரொம்ப அழகான நேரம் எதுன்னா, ரேடியோவுல சின்னதா கேட்டுட்டு இருந்த பாட்டு அப்படியே விரிஞ்சு, ரூமை விட்டு வெளிய வந்து, முழு பாட்டாகி சீனையே தூக்கிட்டுப் போற அந்த ஒரு நொடி. டிவி ஸ்பீக்கர்ல அந்த நொடி தெரியவே தெரியாது, ஏன்னா அதுல ரேடியோப் பாட்டும் முழுப் பாட்டும் ஒரே தகரச் சத்தம்தான். நல்ல சவுண்ட்பார்னா எனக்கு அந்த விரியறதைக் காட்டணும், அதுக்குத்தான் காசு. இந்தப் பார் காட்டுதா? ஸ்டாண்டர்ட் மோடுல காட்டுது. சரவுண்ட் மோடுல சொதப்புது. எப்படின்னு ஒவ்வொரு சீனா சொல்றேன்.

முதல் சீன் 96. 2018ல வந்தது, பிரேம்குமார் டைரக்ஷன். ஜானு நம்ம சிங்கப்பூர்லேருந்துதான் ரீயூனியனுக்கு ஃபிளைட் ஏறிப் போவா, அதனால எங்க வீட்டுல இந்தப் படத்துக்குத் தனி மரியாதை. ஸ்கூல் படிக்கறப்ப ராம் எத்தனை தடவை கேட்டாலும் அந்த யமுனை ஆற்றிலே பாட்டை மட்டும் பாடவே மாட்டா. கடைசியில அவன் வீட்டுல கரன்ட் போகும், இருட்டுல இவ பாட ஆரம்பிப்பா, அவன் தட்டுத் தடுமாறி ஓடி வருவான் பாருங்க. அந்த எடத்துல வாத்தியம் ஒண்ணுமே கெடையாது. தளபதில மிதாலி பானர்ஜி பாடினது ஒண்ணரை நிமிஷம்கூட இல்லாத பாட்டு, அதை இங்க சின்மயி வெறும் குரல்ல பாடியிருப்பாங்க. ஜானுவா நடிச்ச த்ரிஷாவுக்கு டப்பிங் பேசினதும் அவங்கதான், அதனால பேசற குரல் அப்படியே பாடற குரலா மாறுது, ஒட்டுப் போட்ட தடம் தெரியாது.

சவுண்ட்பாருக்கு இதவிடக் கஷ்டமான சீன் இல்லைன்னு நான் சொல்லுவேன். ஒளிஞ்சுக்க ட்ரம்ஸ் இல்ல, வயலின் இல்ல. ஒரே ஒரு பொண்ணு குரல், ஒரு இருட்டு வீடு. ஸ்டாண்டர்ட் மோடுல குரல் நேரா டிவி நடுவுலேருந்து வந்துச்சு, வரிக்கும் வரிக்கும் நடுவுல மூச்சு வாங்கறது வரைக்கும் கேட்டுச்சு, எங்க வீட்டுக்காரம்மா ஃபேனை நிறுத்துங்கன்னாங்க, நிறுத்தினோம். அப்புறம் ரிமோட்ல சரவுண்ட் பட்டனை அமுக்கினேன். போச்சு. ஜானு கல்யாண மண்டபத்துல மைக் வச்சுப் பாடற மாதிரி ஆயிடுச்சு. இல்லாத எதிரொலியை இது தானா சேக்குது, குரல் ரெண்டு பக்கமும் பரவுது, அந்த வீட்டோட அளவே மாறிடுது. அம்மா ஓரத்துல உக்காந்து, "டேய், அவ எங்கடா நிக்கறா?"ன்னாங்க. அவங்களுக்கு மோடு கீடு ஒண்ணும் தெரியாது, ஆனா சரியா அதைத்தான் புடிச்சாங்க.

ப்ளூடூத்ல டிவியைக் கனெக்ட் பண்ணாதீங்க, இந்த சீன்லயே தெரிஞ்சிடும். உதடு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம். எச்டிஎம்ஐ வயரை டிவில ஆர்க்னு போட்டிருக்கற ஓட்டையில சொருகணும், மத்த ஓட்டையில சொருகினா டிவி சத்தம் பாருக்கு வராது. அப்படியும் கொஞ்சம் தள்ளி வந்தா டிவி செட்டிங்ல ஆடியோ டிலேன்னு ஒண்ணு இருக்கும், அதைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்திச் சரி பண்ணிக்கலாம்.

அடுத்தது மஞ்சும்மல் பாய்ஸ். 2024, சிதம்பரம் டைரக்ஷன், டப் பண்ணாமலே தமிழ்நாட்டுல பட்டையக் கெளப்பின மலையாளப் படம். 2006ல கொடைக்கானல்ல நெசமா நடந்த கதை, குணா குகையில விழுந்த கூட்டாளியை இன்னொருத்தன் கயித்தக் கட்டி எறங்கித் தூக்கிட்டு வருவான். அந்தக் குகைக்குப் பேர் வாங்கிக் குடுத்த குணா படத்தோட கண்மணி அன்போடு காதலன் பாட்டுதான் இதுலயும் வருது. இதுல நான் ரசிச்சது என்னன்னா, படம் ஆரம்பத்துலயே அந்தப் பாட்டைப் போட்டுடறாங்க, சுத்தி வர்ற பசங்களுக்கு அது டூர்ப் பாட்டு, கத்திக்கிட்டு ஜாலியாப் போறாங்க. கடைசியில குகைக்குள்ளேருந்து மேல வர்ற நேரத்துல மனிதர் உணர்ந்து கொள்ளன்னு அதே பாட்டு எழும்பும்போது, காதலிக்கு எழுதின வரி கூட்டாளிக்குப் போய்ச் சேருது. ஒரு வரியையும் மாத்தல, ஒரு நோட்டையும் மாத்தல, அர்த்தம் மட்டும் இடம் மாறிடுச்சு. பழைய பாட்டை ஒரு டைரக்டர் எடுத்தா இப்படி எடுக்கணும், அவ்வளவுதான்.

குகை சீன் பூராவும் மழை, தண்ணி, கயிறு உரசற சத்தம், மேலேருந்து கத்தறவங்க குரல், கீழேருந்து வர்ற முனகல். இங்கதான் இந்தப் பாரோட சப்ஊஃபர் பரவாயில்லன்னு தோணிச்சு, ஆழம் தெரியுது. ஆனா பாட்டு ஏறும்போது சப் ரொம்ப முன்னால வந்து கமல் பேசற எடத்தை அமுக்கப் பாக்குது. அந்தப் பாட்டுல அவர் பாதி பேசுவாரு, ஜானகியம்மா பாடுவாங்க, கடிதம் எழுத வைக்கற பாட்டில்லையா. ரிமோட்ல சப்பை மட்டும் ரெண்டு பாயின்ட் கொறச்சதும் சரியாச்சு. வாய்ஸ் மோடுன்னு ஒரு பட்டன் இருக்கு, அதைப் போட்டா பேச்சு தெளிவாகுது, ஆனா ஜானகியம்மா குரல்ல ச, ஸ வர்ற எடமெல்லாம் சீறுது. நியூஸ் பாக்க வாய்ஸ் மோடு ஓகே. பாட்டுக்கு வேணவே வேணாம்.

ஒரு சின்ன விஷயம் இங்க சொல்லணும். தளபதியும் குணாவும் 1991 தீபாவளிக்கு ஒரே நாள்ல ரிலீஸ் ஆனது, நவம்பர் 5. ரெண்டுக்கும் இளையராஜா, ரெண்டு பாட்டுக்கும் வாலி. அந்த ஒரே நாள்ல வந்த ரெண்டு பாட்டு, முப்பது வருஷம் ஒட்டி ரெண்டு வேற வேற படத்தோட உச்சத்துல போய் நிக்குது பாருங்க. அன்னிக்கு டிக்கெட்டுக்கு யார் படம் பெருசுன்னு சண்டை போட்டவங்க இதை யோசிச்சிருப்பாங்களா.

மூணாவது லப்பர் பந்து. இதுவும் 2024. தினேஷுக்கு இதுல கெத்துன்னு பேரு, விஜயகாந்த் ரசிகன். அவன் பேட்டோட எறங்கும்போது கிரவுண்டுல நீ பொட்டு வச்ச தங்கக் குடம் ஓடும். 1989ல வந்த பொன்மனச் செல்வன் பாட்டு, எங்க வீட்டுப் பையனுக்கு அதுக்கு முன்னாடி இப்படி ஒரு பாட்டு இருக்கறதே தெரியாது, இப்ப அவன் போன்ல ரிங்டோனே அதான். 2023 டிசம்பர் 28ல கேப்டன் எறந்து, அடுத்த செப்டம்பர்ல இந்தப் படம் வருது, தியேட்டர்ல அந்தப் பாட்டு வந்தப்ப இருந்த சத்தத்தை எந்த சவுண்ட்பாராலயும் கொண்டு வர முடியாது, அதை எதிர்பாக்கவும் கூடாது. ஆனா வீட்டுல வேற ஒண்ணு கவனிக்கலாம். கிரவுண்டுல பாட்டுன்னா திறந்தவெளி, மைக் செட்டு, சுத்தி ஜனம், நடுநடுவுல கமென்ட்ரி. இந்த மாதிரி எடத்துல பாட்டு மட்டும் தனியாப் பளபளன்னு வந்தா நல்லால்ல, கூட்டத்தோட கலந்துதான் வரணும். இந்தப் பார் அதை நல்லாப் பண்ணுது. கூட்டம் ரெண்டு பக்கமும், பேச்சு நடுவுல, பாட்டு கொஞ்சம் பின்னாடி. காசு குடுத்தது வீண் போகலன்னு தோணின எடம் இதுதான்.

இதே சீனை நைட் மோடுல போட்டுப் பாத்தேன், செத்துப் போச்சு. நைட் மோடு என்ன பண்ணும்னா சின்னச் சத்தத்தை ஏத்தும், பெரிய சத்தத்தை எறக்கும், எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துடும். ஒருத்தன் நடந்து வர்றதும் ஊரே எழுந்து கத்தறதும் ஒரே அளவு சத்தம்னா அப்புறம் என்ன என்ட்ரி. ஆனா எச்டிபி அடுக்குமாடி வீட்டுல இருக்கோம், நைட் மோடு இல்லாமலும் முடியாது. ராத்திரி பத்தரைலேருந்து காலை ஏழு வரைக்கும் சத்தம் கம்மியா வைக்கணும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், 2022ல அக்கம்பக்கத்து சத்தம் பத்தின ஆலோசனைக் குழு அதையே பத்து மணிலேருந்து காலை எட்டு வரைக்கும் நீட்டலாம்னு சொல்லியிருந்தாங்க. பாரைவிட சப்ஊஃபர்தான் பிரச்சினை, பேஸ் தரை வழியா எறங்கிக் கீழ் வீட்டு சீலிங்குக்குப் போகும். நான் கீழ ஒரு கெட்டி ரப்பர் பாய் போட்டு, செவத்தை விட்டுத் தள்ளி சோபா பக்கத்துல வச்சேன். கீழ் வீட்டு மக்சிக்கை, அதாவது மலாய் ஆன்ட்டியை, லிஃப்ட்ல பாத்து சத்தம் வருதான்னு கேட்டேன், டிவி சத்தம் இல்ல, உன் பையன் பந்து தட்டறதுதான் கேக்குதுன்னாங்க. அது வேற பஞ்சாயத்து.

சுப்ரமணியபுரத்தையும் போட்டுப் பாத்தேன். 2008ல எடுத்த படம், கதை நடக்கறது 1980 மதுரை. அதுல சிறு பொன்மணி அசையும் வரும், அது 1980ல வந்த கல்லுக்குள் ஈரம் பாட்டு. தியேட்டர்ல முரட்டுக்காளை ஓடற காட்சியும் உண்டு, அதுவும் அதே 1980. டைரக்டர் சசிகுமார் கணக்கு பாத்து அந்த வருஷத்துப் பாட்டையே எடுத்து அந்த வருஷத்து ஜனங்க காதுல போட்டிருக்காரு, அதனாலதான் அது பழைய பாட்டா தெரியாம அன்னிக்குப் பாட்டா தெரியுது. சவுண்ட்பார் விஷயத்துல இங்க பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, பழைய ரெக்கார்டிங், மேல் பக்கம் கொஞ்சம் கரகரப்பு, அதை இது மறைக்கவும் இல்ல கூட்டவும் இல்ல. நல்லதுதான்.

இப்ப விசிலுக்காக மேல போடற வகை. லியோவுல சண்டைக்கு நடுவுல கரு கரு கருப்பாயி. 2000ல வந்த ஏழையின் சிரிப்பில், தேவா மியூசிக், மறந்தே போயிருந்த பாட்டு திடீர்னு எல்லாக் கல்யாணத்துலயும் திரும்ப வந்துச்சு. எனக்கு அது ஓகே, அடியும் பாட்டும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம ஓடறதுல ஒரு குறும்பு இருக்கு. குட் பேட் அக்லி வேற ரகம். இளமை இதோ இதோ, என் ஜோடி மஞ்சக்குருவி, ஒத்த ரூபாயும் தாரேன், தொட்டு தொட்டு பேசும் சுல்தானான்னு வரிசையா வந்துட்டே இருக்கும். தியேட்டர்ல நானும்தான் கத்தினேன், இல்லைன்னு சொல்லல. வீட்டுல நல்ல ஸ்பீக்கர்ல கேக்கும்போதுதான் வித்தியாசம் தெரியுது, பாட்டு எல்லாமே ஒரே உயரத்துல, ஒரே பளபளப்புல, எங்கேருந்தும் வரல, சீனுக்குள்ள எறங்காம மேலயே மிதக்குது. சரவுண்ட் மோடு போட்டாலும் போடாட்டியும் ஒண்ணும் கெட்டுப் போகல, ஏன்னா கெடறதுக்கு அதுல எடமே இல்ல. சவுண்ட்பார் டெஸ்ட் பண்ண உதவாது.

அதோட இந்தப் படத்துப் பாட்டால ஒரு வழக்கும் வந்துச்சு. தன் பாட்டைக் கேக்காமப் போட்டாங்கன்னு இளையராஜா அஞ்சு கோடி கேட்டு நோட்டீஸ் விட்டு, கேஸ் போட்டு, 2025 செப்டம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டு, படம் அப்ப நெட்ஃபிளிக்ஸ்லேருந்தே எறங்கிடுச்சு. மஞ்சும்மல் பாய்ஸுக்கும் 2024 மே மாசம் நோட்டீஸ் போச்சு, அவங்க உரிமை வச்சிருக்கற கம்பெனிகிட்ட வாங்கித்தான் போட்டோம்னாங்க. எங்க வாட்ஸ்அப் குரூப்புல இதுக்குத் தனியா ரெண்டு கட்சி. பெரியவருக்குக் காசு ஆசைன்னு ஒரு கட்சி, அவர் போட்ட பாட்டுதானே, அவரைக் கேக்காம எப்படின்னு இன்னொரு கட்சி. நான் ரெண்டாவது கட்சி. தன் மியூசிக் டைரக்டருக்கு முழுச் சம்பளம் குடுத்துட்டு, படத்தோட பெரிய கைத்தட்டலை முப்பது வருஷம் முந்தின பாட்டுலேருந்து எடுத்தா, அதுக்கு ஒரு வார்த்தை கேக்கறதுல என்ன கொறஞ்சு போகுது? ஓடிடியில பாத்துக்கலாம்னு இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், பழைய பாட்டு இருக்கற படம் நாளைக்கும் அதே பாட்டோட இருக்கும்னு எந்த கேரன்ட்டியும் இல்ல, புடிச்சா சீக்கிரம் பாத்துடுங்க.

பாட்டு மட்டும் கேக்க இந்தப் பார் எப்படின்னு கேட்டா, சுமார். காலையில அம்மா ஒலி 96.8 ரேடியோ போடுவாங்க, போன்லேருந்து ப்ளூடூத்ல ஓடும், பேச்சு நல்லாருக்கு, பாட்டு கொஞ்சம் தட்டையா இருக்கு. ஆன் பண்ணும்போது டிங்குன்னு ஒரு சத்தம் போடுது, அதை நிறுத்த வழியே இல்ல, காலைல ஆறரைக்கு எரிச்சல்தான். டிஸ்ப்ளேல நாலு எழுத்துதான் தெரியும், எந்த மோடுல இருக்குன்னு பாக்க எழுந்து பக்கத்துல போகணும். அஞ்சுக்கு மூணரை குடுப்பேன், நடு ஸ்பீக்கர் இல்லன்னா ரெண்டுதான்.

பின்னாடி வைக்கற ரெண்டு ஸ்பீக்கரும் சேத்து வாங்கலாமான்னு மச்சான் கேட்டாரு. அவரோட நாலு ரூம் வீட்டு ஹால்ல சோபா செவத்தை ஒட்டித்தான் இருக்கு, பின்னாடி எடமே கெடையாது, தலைக்குப் பின்னால செவத்துல ஆணி அடிச்சு மாட்டணும், வயரை வேற மறைக்கணும். நாம பாக்கற படத்துக்கு அது வேணாம் மச்சான்னேன். கேக்கல, பெரிய செட்டே ஆர்டர் பண்ணிட்டாரு, வெள்ளிக்கிழமை டெலிவரி, வயரிங் பண்ண என்னைத்தான் வரச் சொல்லியிருக்காரு.